தட்டினால் குரல் கொடுக்க வேண்டும்

கன்னிவாடியில் பத்திர வேலை மறுநாளைக்கும் இழுத்துவிட்டதால், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மலிவான லாட்ஜ் தேடி அலைந்தேன். "தனி ஆளுன்னா பயமா இருக்கு சார், ரூம்ல ஏதாச்சும் பண்ணிக்கிட்டா?" என்று இரண்டு இடங்களில் கையை விரித்துவிட்டார்கள்.

மூன்றாவது லாட்ஜின் மேனேஜர் மறுக்கவில்லை. வெள்ளைத் தொப்பி, மருதாணிச் சிவப்பேறிய தாடி. ஆதாரை ஓரமாக வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். என் மனைவியின் நம்பரைக் கேட்டுத் தானே அழைத்தார். "உங்க வீட்டுக்காரரு இங்கதாம்மா தங்குறாரு, ரெண்டு வார்த்த பேசுங்க" என்று போனை என்னிடம் நீட்டினார்.

அறைக் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

"தனி ஆளுக்கு இந்த ரூம்தான் சார். அப்பப்ப வந்து தட்டுவேன். குரல் குடுத்துருங்க, போதும்."

"குடுக்காட்டி?"

"குடுத்துருங்க சார்."

அன்று சாயங்காலத்துக்குள் நாலு தடவை தட்டிவிட்டார். "இருக்கேன் பாய்" என்று ஒவ்வொரு தடவையும் கத்தினேன். கடைசித் தடவை எரிச்சலில் எழுந்துபோய்க் கதவையே திறந்தேன்.

அவர் அதற்குள் எதிர் அறைக்குப் போயிருந்தார். அந்தக் கதவில் துருப்பிடித்த பூட்டு ஒன்று வெளியே தொங்கியது. அதையும் அதேபோல் தட்டிவிட்டு, காதைக் கதவோடு ஒட்டி நின்றார்.

"அங்க யாரு பாய்?" என்றேன்.

திரும்பாமலே கையை உயர்த்தி, என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

இப்போதெல்லாம் எந்த ஊரில் தங்கினாலும், முதல் தட்டுக்கே குரல் கொடுத்துவிடுகிறேன்.