டி.எஸ்.எல்.ஆரை விடலாமா? தூத்துக்குடியில் இரண்டு நாளும் என் தங்கையின் ஏழு படங்களும்

போன பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு தூத்துக்குடிக்குப் போய் வந்தேன். போனதற்குக் காரணம் இரண்டு. ஒன்று என் வலது தோள்பட்டை. இன்னொன்று என் தங்கை ரெஜினா. இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேமராவுக்காக வருகிறவர்கள் என்பதால் தோள்பட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

பதினோரு வருஷமாக என்னிடம் இருப்பது டி.எஸ்.எல்.ஆர். என்கிற பெரிய டிஜிட்டல் கேமரா. கேமரா, இரண்டு லென்ஸ், பேட்டரி, பை எல்லாவற்றையும் சேர்த்து வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். நாலு கிலோ அறுநூறு கிராம். எலும்பு டாக்டர் என் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, இதைச் சுமப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தோளை என்னிடமே விட்டுவிட்டுப் போங்கள் என்றார். விஷயம் தெரிந்த என் நண்பன் கணேசன், தன்னிடமிருந்த பழைய ஜப்பான் ரேஞ்ச்பைண்டரைக் கொண்டுவந்து நீட்டினான். பிலிம் கேமரா, எழுநூற்றைம்பது கிராம், விலை பதினாறாயிரம். இரண்டு நாள் வைத்துப் பார், திங்கட்கிழமை பதில் சொல், இன்னொரு ஆள் காத்திருக்கிறான் என்றான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தோள்வலிக்காரன் ஐந்தேகால் கிலோவுக்கு மேல் சுமந்து போன கதையை என் மனைவி இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ரேஞ்ச்பைண்டர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் பார்ப்பதைத்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். ரேஞ்ச்பைண்டரில் லென்ஸ் ஒரு பக்கம் பார்க்கும். நீங்கள் இடது மூலையில் இருக்கிற சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தனியாகப் பார்ப்பீர்கள். ஜன்னலின் நடுவில் உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் குவியம், அதாவது போகஸ், சரி என்று அர்த்தம். அவ்வளவுதான் சங்கதி.

இனி ரெஜி. என்னைவிட ஆறு வயது சின்னவள். மதுரையிலிருந்து தூத்துக்குடி மில்லர்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது. மாப்பிள்ளை அந்தோணி சரக்குக் கப்பலில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. இந்தத் தடவை அவர் கப்பலேறிய இரண்டாம் மாதம் ரெஜிக்கு முகவாதம் வந்துவிட்டது. காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வலப்பக்கமாகத் தானாக ஒழுகியிருக்கிறது. வலது கண் மூடவில்லை, உதட்டின் வலது பாதி அசையவில்லை. மாத்திரை, முகப்பயிற்சி என்று பார்த்து முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதிக்கு நாளாகும் என்றார்கள். ஆனால் அன்றோடு அவள் வீடியோ காலை நிறுத்திவிட்டாள். கேட்டால் நெட் சரியில்லை என்பாள்.

மாப்பிள்ளை கப்பலிலிருந்து எனக்குப் பேசினார்.

“மச்சான், இன்னும் மூணு வாரத்துல எறங்கிருவேன். ஆறு மாசமா அவ மூஞ்சியக் காட்ட மாட்டேங்கா. எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா வாசல்ல வச்சு மொத மொத பாக்கும்போது என் மூஞ்சி என்ன செய்யும்னு எனக்கே தெரியல. அத அவ பாத்துருவா. ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் முன்னக்கூட்டியே பாத்துக்கிடுதேன்.”

எடுத்துவிடலாம் மாப்பிள்ளை என்று பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை 5.40க்கு மாட்டுத்தாவணியில் பஸ். கட்டணம் 150 ரூபாய். 8.50க்குத் தூத்துக்குடி புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து மில்லர்புரத்துக்கு ஆட்டோ 100. கதவைத் திறந்த ரெஜி வீட்டுக்குள்ளேயே முகக்கவசம் போட்டிருந்தாள். எனக்கு இட்லியும் முந்தின நாள் சாளை மீன் குழம்பும் வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டாள். கூடப் பிறந்தவனுக்கு முன்னால் சாப்பிடக்கூட வெட்கப்படுகிறாளே என்று எனக்கு இட்லி இறங்கவில்லை.

வந்த காரியத்தை அப்போதே சொல்லிவிட்டேன். அவரே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்து, பெரிய லென்ஸை மாட்டி, முற்றத்தில் துணி காயப்போடுகிறவளைப் பத்தடி தூரத்திலிருந்து குறிவைத்தேன். ஈரத் துண்டை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அந்தப் பீரங்கியை உள்ளே வை என்றாள். பிறகு மதியம் வரை என்னோடு பேசவில்லை. தப்பு என் மேல்தான்.

நாலு மணிக்குத் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன். ஆட்டோ 120. பெரிய கேமராவை வெளியே எடுத்ததுதான் தாமதம், எந்த சேனல் அண்ணாச்சி என்று ஒருவர் கேட்டார். மீன்கூடை வைத்திருந்த ஒரு அம்மா டீசல் விலையையும் பிடிபடாத மீனையும் பற்றி ஐந்து நிமிஷம் நேராக லென்ஸைப் பார்த்துப் பேட்டி கொடுத்துவிட்டார். நான் மதுரையில் இன்சூரன்ஸ் ஆபீஸ் எழுத்தர் என்றதும் அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை என்னவென்று சொல்ல. கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு ரேஞ்ச்பைண்டரை எடுத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர் மட்டும், இது வேலை செய்யுதா என்று விசாரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். வலை, படகு, கரையில் குவித்திருந்த சங்கு என்று ஒரு மணி நேரத்தில் இருபத்தொன்பது படம் எடுத்தேன். முத்துக்குளித்துறை என்று படித்துவிட்டு வருகிறவர்கள் ஏமாற வேண்டாம். முத்துக் குளிப்பு நின்று பல காலமாகிறது. இப்போது குளிக்கிறவர்கள் சங்குக்காகக் குளிக்கிறார்கள். இன்னொன்று, துறைமுக வாசல் பக்கம் எந்தக் கேமராவையும் எடுக்காதீர்கள். தடை செய்யப்பட்ட இடம், காவலுக்கு நிற்பவர் நம் தோள்வலியையெல்லாம் விசாரிக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்த ரெஜியிடம் மணப்பாட்டுக்குப் போவோமா என்று கேட்டேன். போட்டோ பேச்சு எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகு வந்தாள். கார் வாடகை போக வர 2,600. ஓட்டி வந்தவர் சேவியர், முப்பது வயதிருக்கும், கலகலப்பான ஆள். மதியம் ஒன்றரைக்குக் கிளம்பி முள்ளக்காடு, ஆத்தூர், சாகுபுரம், காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் என்று அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. அதைக்கூடப் படம் எடுக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று சேவியர் ரெஜியிடம் கேட்டார். மூன்றேகாலுக்கு மணப்பாடு.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல்பாறை, உச்சியில் சிலுவைக் கோயில், இரண்டு பக்கமும் கடல். கோயிலுக்குக் கீழே கடலைப் பார்த்த ஒரு மதில் ஓரம் உட்கார்ந்தோம். ஆள் நடமாட்டமே இல்லை. காற்று அடித்த அடியில் முகக்கவசம் பறக்கப் பார்த்தது. ரெஜி அதைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு என் தங்கை முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். வலது புருவம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் மனதுக்குள் கற்பனை செய்து வைத்திருந்ததில் கால்வாசிகூட இல்லை. அதைச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பாளே என்று சொல்லவில்லை.

என் மடியில் கிடந்த ரேஞ்ச்பைண்டரை அவளே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் திரை எங்கே என்றாள். கிடையாது, பிலிமைக் கழுவி வரப் பத்து நாளாகும் என்றேன்.

“அப்போ எடுத்த ஒடன பாக்க முடியாதா?”

“முடியாது.”

“அப்ப எடு.”

என்னால் நம்ப முடியவில்லை. பயம் கேமராவைப் பார்த்தல்ல. எடுத்த மறுநொடி தன் முகத்தைத் தானே பார்க்க வேண்டியிருப்பதுதான் அவளுக்குப் பயம். ஆறு மாதமாக இது எங்களில் ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை. அவசர அவசரமாகக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போனேன். ஜன்னல் இடது மூலையில் இருப்பதால் வலது கண்ணை வைத்துப் பார்க்கும்போது கேமரா என் முகத்தில் வலப்பாதியை மட்டும் மறைக்கும். இடப்பாதி எதிரே இருப்பவருக்குத் தெரியும். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அண்ணே, ஒனக்கும் வலது பக்கத்தக் காணோம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் எடுத்தேன். பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்து மறுபடியும் எடுத்தேன். அவள் கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையைச் சரி செய்துகொண்டு கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி நேராக உட்கார்ந்தாள். ஆறு படம். ஒவ்வொன்றிலும் ஜன்னலுக்குள் இரண்டு ரெஜி நடுங்கி ஒரு ரெஜி ஆனதைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை என்று மனசுக்குள் கொண்டாட்டம்.

கேமராவை இறக்கினால், லென்ஸின் மேல் மூடி அப்படியே இருக்கிறது.

திருச்செந்தூர் தாண்டியதும் மணல்காற்றுக்குப் பயந்து நானே மாட்டிய மூடி. டி.எஸ்.எல்.ஆரில் மூடியோடு பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கும், கைக்குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ரேஞ்ச்பைண்டரில் ஜன்னல் தனி, லென்ஸ் தனி. ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும், பிலிமில் ஒரு மண்ணும் விழாது. இந்தக் கேமராக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு என்று கணேசன் பிற்பாடு சொன்னான். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பத்து நாள் கழித்து, கழுவும் இடத்தில் கெடுத்துவிட்டார்கள் என்று கதை விடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் ஆறு மாதமாக மூடி வைத்ததை நம்பித் திறந்து காட்டியவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூடியைக் கழற்றவில்லை ரெஜி என்று சொல்லி, அதைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். இடது உதடு காது வரை போனது, வலது உதடு இருந்த இடத்திலேயே இருந்தது, வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கையால் வாயைப் பொத்தவே இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த சேவியரிடம் அவளே முழுக் கதையையும் சொன்னாள், திறந்த முகத்தோடு. முடித்த கையோடு, இதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று போனை எடுத்தாள். கப்பலில் இப்போதெல்லாம் நெட் உண்டு. வழக்கமாக ஒரு பொத்தானை அமுக்குகிறவள் அன்றைக்குப் பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள். தெரிந்துதான் அமுக்கினாள். விரல் அதன் மேல் ஒரு நொடி நின்றதை நான் பார்த்தேன்.

திரையில் மாப்பிள்ளை வந்தார். அவர் முகம் ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றது. நெட் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ரெஜியும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“ஏளா, என்ன இப்படிக் கறுத்துப் போயிருக்க? வெயில்ல கொடை புடிக்க மாட்டியா?”

ரெஜி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொடையைப் பத்தி அப்புறம் பேசுவோம், ஒங்க மச்சான் செய்த காரியத்தக் கேளுங்க என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து பத்தடி தள்ளிப் போனேன். பிலிமில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. மூடி இல்லை என்பதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, போனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவளை எடுத்தேன். அவசரத்தில் வளையத்தைச் சரியாகத் திருப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை கணேசனிடம் ரேஞ்ச்பைண்டர் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். டி.எஸ்.எல்.ஆரை ஒரு லென்ஸோடு விற்றாயிற்று. எடை ஒரு காரணம்தான், தோளும் இப்போது பரவாயில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு என் பாதி முகமாவது தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. பறவை, விளையாட்டு, கல்யாண வேலை எடுக்கிறவர்கள் மாற வேண்டாம். தூரத்தில் இருப்பதை இதில் எடுக்க முடியாது, ஓடுவதைப் பிடிப்பதும் கஷ்டம். மாறுகிறவர்கள் ஒரு பிலிம் ரோலுக்கு 900, கழுவி ஸ்கேன் செய்யக் கூரியரோடு 650 என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் மூடிக்குப் பதில் சாதாரண பில்டர் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு மூடியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மணப்பாட்டுக்கு மூன்று மணிக்கு மேல் போங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள், மேலே நிழல் குறைவு.

பிலிம் கழுவி வந்தது. திரேஸ்புரம் படங்கள் நன்றாக வந்திருந்தன. ஆறு படம் வெற்று. முப்பத்தாறாவது படத்தில் குவியம் தப்பி, ரெஜி கொஞ்சம் கலங்கித் தெரிந்தாள். பிரிண்ட் போட்டுத் தூத்துக்குடிக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியிருந்தது. போன் செய்து, படம் சரியாக வரவில்லை, மன்னிச்சுக்கோங்க மாப்பிள்ளை என்றேன்.

“அது கெடக்கட்டும் மச்சான்,” என்றார். “ஆளு இங்கனதான் நிக்கா.”