சொம்பில் இருந்தது சுக்குத்தண்ணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். ஒரு பெரிய பாட்டுக்காரரைக் கேவலப்படுத்தினவர் என் மூத்தார், என் வீட்டுக்காரரின் அண்ணன். ஒரே வாசலில் புழங்கிக்கொண்டு எப்படி எழுதுவது? போன மாதம் ஒரு வளைகாப்பில், "குடிச்சிட்டு மேடையிலேர்ந்து உருண்டானே ஒரு கெழவன்" என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். என் பிள்ளையும் சேர்ந்து சிரித்தான். இனித் தள்ளிப்போட முடியாது. எழுதிவிட்டேன்.

சுனாமிக்கு அடுத்த ஆடி. மரக்காணத்தில் எங்கள் உப்பளத்துப் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். சாயங்காலம் பாட்டு. பாட வந்தவர் வானூர் பக்கத்துக்காரர், எழுபது தாண்டினவர். உப்புப் பாத்தி மிதித்தபடியே பாட்டுக் கட்டின மனுஷர். பாடுவதெல்லாம் சொந்தப் பாட்டு. தொண்டை கட்டியிருக்கிறது என்றார். சுக்கு தட்டிப்போட்டு, வெல்லம் கரைத்து, எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பில் நான்தான் கொடுத்தேன்.

"யம்மா, என்னா காரம்! அம்மனே எழுந்து ஓடிடுவா போல" என்று சிரித்தார்.

நான் அப்போது சாமி கும்பிடுவதையே விட்டிருந்தேன். மீன் வாங்கக் கரைக்குப் போன என் தங்கச்சியைக் கடல் கொண்டுபோனதிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்குகூட ஏற்றவில்லை. அழுகையும் வரவில்லை.

பாதிக் கச்சேரியில் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சந்நிதியைப் பார்த்துத் திரும்பினார். சொம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பாடினார்:

"கரையோரம் நின்னவளே, கண்ணுமூடி நின்னவளே,
வந்த கடலை வாசலிலே மறிக்கத்தான் தெரியலையா?
கூழு ஊத்திக் கும்பிட்டோமே, குடிச்ச வாயி பேசலையா?"

பெற்ற தாயிடம் பிள்ளை சண்டை போடுகிற மாதிரி அப்படிக் கேட்டார். அன்றைக்குத்தான் தங்கச்சிக்காக வாய்விட்டு அழுதேன்.

விழாக்குழுத் தலைவர் என் மூத்தார்தான். மேடை ஏறினார்.

"யோவ் பெருசு, ஆத்தாளையே திட்டுறியா? நிறுத்துய்யா!"

"என் தாயை நான் கேக்குறேன். உனக்கு ஏம்பா வலிக்குது?"

ஜனம் சிரித்துவிட்டது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார். ஒயர் கிழவர் காலில் சுற்றி, மனுஷர் மேடையிலிருந்து விழுந்தார். சொம்பும் உருண்டது.

"பாருங்க, சொம்புல ஊத்தி ஊத்திக் குடிச்சிட்டு வந்து சாமியைத் திட்டுறான்!" மைக்கிலேயே சொன்னார்.

"மாமா, அது சுக்குத்தண்ணி! நான் வெச்சுக் குடுத்தது!" என்று கத்தினேன்.

"பொம்பள பேச வந்துட்டியா? போம்மா அந்தாண்ட."

மைக் அவர் கையில். என் குரல் யாருக்குக் கேட்கும்? பிறகு சுத்துப்பட்டில் எந்தக் கோயிலும் அந்த மனுஷரைக் கூப்பிடவில்லை. குடிகாரர் என்ற பேரோடே செத்தும் போனார். அம்மனுக்குக் கோபம் என்று என் மூத்தாரிடம் யார் வந்து சொன்னது? அந்தக் கச்சேரிக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே நான் விளக்கேற்றினேன். என்னை அவளிடம் திருப்பிக் கூட்டிவந்தது அந்தப் பாட்டு.

படிக்கிறவர்கள் நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மூத்தாரை இதைவிடப் பொல்லாதவராக்க வேண்டாம், கிழவரை மகானாக்கவும் வேண்டாம். நடந்தது நடந்தபடி இருக்கட்டும். சொம்பில் இருந்தது சுக்குத்தண்ணி. கொடுத்தவள் நான்.