கச்சான் என்றால் காற்று

சுன்னாகம் சந்தைக்கு எதிரே, உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு கணினி நிலையம் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் வெங்காய மணம் வரும், மூடினால் புழுங்கும். சுபாங்கன் அங்கேதான் வேலை செய்கிறார். பழுதான கணினிகளைத் திருத்துவார், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அடிப்படைப் பாடம் எடுப்பார். நான் அதே நிலையத்தில் பின்னேரங்களில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன்.

அவருடைய ஊர் மயிலிட்டி. அப்பாவும் அண்ணன் டினேசும் கடலுக்குப் போகிறவர்கள். சுபாங்கனுக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும். துறைமுகத்தில் அவருக்குத் 'தரைக்காரன்' என்று பெயர். கடலுக்குப் போக முடியாத குறையைத் தீர்ப்பதற்கோ என்னவோ, ஓய்வு நேரம் முழுவதையும் ஒரு கடல்வானிலைச் செயலிக்குக் கொடுத்துவந்தார்.

அந்தச் செயலிக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இல்லை. பல நாடுகளில் இருக்கிறவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது. அதன் நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும்; பிழை கண்டவர் அறிவிக்கலாம், தெரிந்தவர் திருத்தி அனுப்பலாம், பொறுப்பானவர்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். காற்றின் திசையையும் வேகத்தையும் அந்தந்தக் கரையின் மொழியில் அது வாசித்துச் சொல்லும். வலையில் கை இருக்கிறபோது காதை மட்டும் கொடுத்தால் போதும்.

செயலியில் வரும் பிழைக்கு எங்கள் பாடப்புத்தகங்களில் வழு என்று பெயர். வரும் வழு அறிக்கைகளை வாசித்து, உண்மையா என்று சோதித்து, அவசரமானது, சாதாரணமானது, பொறுக்கக்கூடியது எனப் பிரித்து வைப்பது சுபாங்கனின் வேலை. அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கும். பதில் எழுதிவிட்டு என்னிடம் காட்டுவார்.

"மிஸ், இதிலை 'would' வருமோ 'will' வருமோ?"

"உங்களுக்குக் கோபமெண்டால் 'will' போடுங்கோ."

"எனக்கு எப்பவும் 'would' தான், மிஸ்."

தமிழில் காற்றுகளின் பெயர்களைச் செயலிக்குக் கொடுத்தவரும் அவர்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தென்மேற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். மயிலிட்டியில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதினார். கச்சான் காற்று என்று எழுதவில்லை, கச்சான் என்று மட்டும் எழுதினார். கடற்கரையில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னால் வேறு அர்த்தம் யாருக்கும் வராது.

போன வருடம் ஒரு புதிய பதிப்பு வந்தது. அது எல்லோருடைய கைபேசியிலும் தானாக ஏறிக்கொண்டது. அன்று பின்னேரம் துறைமுகத்தில் டினேசின் கைபேசி, பெண் குரலில், மிகத் தெளிவாகச் சொன்னது: "மாலையில் பலத்த நிலக்கடலை வீசும். கடலுக்குச் செல்ல வேண்டாம்."

துறைமுகமே சிரித்தது. சுபாங்கன் மோட்டார்சைக்கிளை நிறுத்தி இறங்குவதற்குள் செய்தி அவரிடம் வந்துவிட்டது.

"டேய் தரைக்காரா, இண்டைக்கு வீசுறது வறுத்த கச்சானோ அவிச்ச கச்சானோ?"

"உப்புப் போட்டதெண்டால் சொல்லு, ரண்டு பை கொண்டுபோறம்."

அவரும் சேர்ந்து சிரித்ததாகத்தான் அடுத்த நாள் சொன்னார். ஆனால் அன்று காற்று உண்மையிலேயே அடித்தது. சிரித்தவர்களில் சிலர் போய், பாதியில் திரும்பி வந்தார்கள்.

நடந்தது இதுதான். கோயம்புத்தூரில் கதிரவன் என்ற ஒருவர், செயலியில் இருந்த வட்டாரச் சொற்களைப் பொதுத்தமிழுக்கு மாற்றி ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். சொற்பட்டியல் ஒன்றை வைத்து, நூற்றுக்கணக்கான சொற்களை ஒரே ஓட்டத்தில் மாற்றியிருந்தார். மொத்தப் பொறுப்பாளரான மார்த்தன் நெதர்லாந்துக்காரர், தமிழ் தெரியாது. திருத்தத்தைத் தமிழ் தெரிந்த ஒருவர் சரிபார்த்தார் என்று குறிப்பு இருந்ததால் சேர்த்துக்கொண்டார்.

சுபாங்கன் வழு அறிக்கை எழுதினார். கதிரவன் அன்றே பதில் போட்டார்.

"மன்னிக்கவும் நண்பரே. ஆனால் கச்சான் என்றால் நிலக்கடலை என்றுதான் பட்டியலில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்களே தொகுத்துக் கொடுத்த பட்டியல் அது. காற்று என்பதற்கு ஏதாவது சான்று தர முடியுமா?"

சுபாங்கன் அதை எனக்குக் காட்டினார்.

"பட்டியல் பிழையெண்டு எழுதுங்கோவன்" என்றேன்.

"பட்டியல் பிழையில்லை மிஸ். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் நீங்களும் கச்சான்தானே வாங்கிறனீங்கள். அதுதான் பிரச்சினை."

சான்றுக்கு அவர் தன் அண்ணனின் குரலைப் பதிவுசெய்து அனுப்பினார். 'கச்சான் எண்டா மேக்காலை இருந்து வாற காத்து, அது படகைப் பருத்தித்துறைக்கு அங்காலை தள்ளிக்கொண்டு போயிடும்' என்று டினேஸ் சொல்லியிருந்தார். கதிரவன் கேட்டார், ஏற்றுக்கொண்டார், இரண்டு முறை மன்னிப்பும் கேட்டார். நல்ல மனிதர். யாராவது கெட்டவராக இருந்திருந்தால் சுபாங்கனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திருத்தம் ஒரே ஒரு வரி. அதை எழுதி அனுப்பிவிட்டார். ஆனால் சேர்ப்பவர் மார்த்தன், அவர் விடுமுறையில் இருந்தார். அறிக்கையில் அவசரம் என்று குறிக்கப்பட்டிருந்தால் அவருடைய கைபேசிக்குச் செய்தி போயிருக்கும். குறிக்கிறவர் சுபாங்கன்தான். ஆனால் தன் அறிக்கையைத் தானே அவசரம் என்று குறிக்கக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். இல்லாவிட்டால் எல்லோரும் தங்கள் பிழையைத்தான் முதலில் தூக்கிவைப்பார்கள்.

"ஆர் பாக்கப்போகினம்? போடுங்கோ" என்றேன்.

"ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா சொற்பிழை எண்டு அனுப்பினவ. நான் பொறுக்கலாமெண்டு வைச்சனான். இண்டைக்கும் கிடக்குது. எனக்கெண்டு வந்த உடனை அவசரமெண்டு போடுறதோ?"

அறிக்கைகளைப் பிரிக்கும் வேறு இரண்டு பேருக்குக் குறிக்கச் சொல்லி எழுதினார். ஒருவர், சொல் மாறியதால் செயலி நின்றுவிடவில்லையே, ஆகவே அவசரம் ஆகாது என்று விளக்கமாகப் பதில் எழுதினார். அந்த விளக்கத்தைச் சுபாங்கனே முன்பு பலருக்கு எழுதியிருக்கிறார். பல வசனங்கள் அவருடையவைதான். என்னிடம் காட்டித் திருத்திய ஆங்கிலம்.

பொறுக்க முடியாமல், திருத்திய செயலியைத் தானே உருவாக்கிக்கொண்டு மயிலிட்டிக்குப் போனார். நிரல் திறந்திருக்கிறது, யாரும் செய்யலாம். ஆனால் கைபேசிகள் பழைய செயலியை அழித்தால்தான் புதியதை ஏற்கும். ஏற்றும்போது, இது யார் செய்ததென்று தெரியவில்லை, ஆபத்தாக இருக்கலாம் என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் வந்தது.

"ஆர் செய்ததெண்டு தெரியாதாமெல்லோ?" என்று டினேஸ் கேட்டார்.

"நான்தான் அண்ணை செய்தனான்."

"அப்ப ஆபத்துத்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் ஏற்றவில்லை. பழையதையும் பலர் ஏற்கெனவே அழித்துவிட்டார்கள். வைத்திருந்தவர்கள் சிரிப்பதற்காக வைத்திருந்தார்கள். பின்னேரமானால் யாராவது ஒருவர் சத்தத்தைக் கூட்டி, நிலக்கடலை வீசுவதைக் கேட்கவைப்பார்.

மார்த்தன் விடுமுறை முடிந்து வந்து திருத்தத்தைப் பார்த்தார், நன்றி சொன்னார். அடுத்த பதிப்போடு போகும் என்று எழுதினார். அடுத்த பதிப்பு எப்போது என்று சுபாங்கன் கேட்டார். 'would' போட்டுத்தான் கேட்டார்.

அந்தப் பதிப்பு வருவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மதியத்துக்குப் பிறகு, மேற்குக் காற்று மிகப் பலமாக எழும் என்று தரவு வந்தது. நிலையத்தில் இருந்தபடியே அண்ணனுக்கு அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அண்ணை, இண்டைக்குத் தொழிலுக்குப் போகாதை. கச்சான் வருது."

"எத்தினை பை?"

"பகிடி விடாதை அண்ணை. உண்மையாத்தான் சொல்லுறன்."

"உன்ரை செயலிக்குள்ளை கதைக்கிற பொம்பிளை கிழமைக்கு நாலுதரம் சொல்லுறா. எல்லா நாளும் கரையிலை குந்திக்கொண்டிருந்தா நிவேதனா என்னத்தைச் சமைக்கிறது? வை, இஞ்சின் ஸ்ராட் பண்ணப்போறன்."

நிவேதனா டினேசின் மனைவி. சுபாங்கன் மறுபடி அழைத்தார், எடுக்கவில்லை. அண்ணிக்கு அழைத்தார். அவர் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, படகு போய்விட்டது என்றார். சுபாங்கன் கைபேசியை மேசையில் வைத்தார். வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கோப்புறை ஒன்றை எப்படி உருவாக்குவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நடுவில் யன்னல் கதவு தானாக அடித்தது. ஒரு பிள்ளை எழுந்துபோய் அதைக் கொளுவிவிட்டு வந்தது.

அடுத்த நாள் முற்பகலில்தான் செய்தி வந்தது. இஞ்சினில் தண்ணீர் ஏறிப் படகு கிழக்கே அடித்துக்கொண்டு போயிருக்கிறது. பருத்தித்துறைப் படகொன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. டினேசும் கூடப்போனவரும் உயிரோடு வந்தார்கள். வலையை அறுத்துக் கடலில் விட்டிருந்தார்கள். டினேசின் வலது கையில் இரண்டு விரல்கள் கயிற்றுக்குள் அகப்பட்டு நசிந்திருந்தன.

அதற்குப் பிறகு அதிக நாளில்லை, புதிய பதிப்பு வந்தது. இப்போது செயலி "பலத்த கச்சான் காற்று" என்று சரியாகவே சொல்கிறது. வழு அறிக்கை மூடப்பட்டது. அதன் கீழே ஐந்தாறு பேர் கட்டைவிரல் படம் போட்டிருந்தார்கள். டினேசுக்கு நடந்ததைச் சுபாங்கன் அங்கே எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எழுதினா கதிரவன் நித்திரை கொள்ளமாட்டார் மிஸ். அவர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே."

புதிய பதிப்பு வந்த கிழமை, சனிக்கிழமை, அண்ணனிடம் போயிருக்கிறார். டினேஸ் கையில் கட்டோடு, வேறொருவரின் பழைய வலையில் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தாராம்.

"அண்ணை, திருத்தியாச்சு. திரும்பப் போட்டுவிடட்டோ?"

"வேண்டாமடா."

"இப்ப சரியாச் சொல்லும்."

"சரியாச் சொல்லுமெண்டு தெரியும். அண்டைக்கும் சரியாத்தானே சொன்னது, சொல்லுத்தானே பிழை. நாங்கள் அதை வைச்சு எவ்வளவு சிரிச்சனாங்கள். இனி ஆக்களுக்கு முன்னாலை அதை எடுத்துக் காதிலை வைக்க எனக்கு வெக்கமாக் கிடக்குது."

அதற்கு என்ன திருத்தம் அனுப்புவது என்று சுபாங்கனுக்குத் தெரியவில்லை. துறைமுகத்தில் மற்றவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். யாரும் இப்போது பகிடி விடுவதில்லை. அந்தச் செயலியைப் பற்றிய கதையே இல்லை.

டினேஸ் மறுபடி தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். மூன்று மணிக்குக் கிட்ட, படகுகள் புறப்படும் முன், சுபாங்கன் வகுப்பிலிருந்து வெளியே வந்து படிக்கட்டில் நின்று அண்ணனுக்கு அழைக்கிறார். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று தன் வாயாலேயே சொல்கிறார். சில நாட்களில் டினேஸ் கேட்டு, ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சில நாட்களில் எடுப்பதே இல்லை.

"எடுக்காட்டி என்ன செய்வீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன செய்யிறது மிஸ்" என்றார். "திரும்பக் கோல் எடுக்கிறதுதான்."

கைபேசியைக் காதில் வைத்தபடி இன்னும் இரண்டு படி கீழே இறங்கினார். கீழே சந்தையில் வெங்காயம் ஏற்ற வந்த லொறி இரைந்துகொண்டிருந்தது. மறுகாதைக் கையால் பொத்திக்கொண்டார்.