இடது கன்னத்து மச்சம்

கேலிச்சித்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள் என்று மகள் அழைத்துப் போனாள். குளிரூட்டிய கூடம், சுவரெல்லாம் கண்ணாடிச் சட்டங்கள். ஒரு மேசையில் குழந்தைகள் உருளையால் அச்சு மை தடவி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில் நான் சித்தூருக்குப் போய்விட்டேன்.

எழுபதுகளில் அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்தினேன். (பிழைகள் என்னிடம் பத்திரமாக இருந்தன.) படத்துக்கு பிளாக் என்கிற அச்சுக்கட்டை செய்ய மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும், வருவதற்குள் செய்தி ஆறிவிடும். அதனால் மிஷன் பள்ளி ஓவிய டீச்சர் எஸ்தர், ஆஸ்பத்திரியில் பெயர்த்துப்போட்ட லினோலியம் தரைவிரிப்புத் துண்டில், தீட்டிய குடைக்கம்பியால் படம் செதுக்கித் தருவார். அச்சில் இடம் வலமாகிவிடும் என்பதால் எதையும் திருப்பித்தான் செதுக்க வேண்டும்.

மாம்பழ சீசன். பழக்கூழ் ஆலைக் கழிவு ஏரியில் விழுந்து ஊரெல்லாம் புளித்த வாடை, சோற்றுத் தட்டில் ஈ. ஆலை முதலாளியை ஈக்கள் பல்லக்கில் சுமப்பதாக எஸ்தர் செதுக்கினார். முதலாளியின் இடது கன்னத்து மச்சம் ஊருக்கே தெரியும். பத்திரிகையில் அது வலது கன்னத்தில் விழுந்திருந்தது.

பள்ளிக்குக் கட்டடம் கட்டித் தந்தவர் அந்த முதலாளி. தாளாளர் எஸ்தரையும் எங்கள் எடிட்டரையும் கூப்பிட்டனுப்பினார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"பாரும்மா, மச்சம் இந்தப் பக்கம் கீது. அவருக்கு அந்தப் பக்கம். இது அவரு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு, உன் வேலை போவாது" என்றார் தாளாளர்.

"மச்சமே காப்பாத்திச்சி டீச்சர், சொல்லிடுங்க" என்றார் எடிட்டர்.

"அவருதாங்கய்யா. திருப்பிச் செதுக்க மறந்துட்டேன். அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்."

"வூட்ல நாலு பேரு உன் சம்பளத்துல துன்னுக்கினு கீறாங்க. நெனப்பு கீதா?"

"கீதுங்கய்யா. அந்தச் சோத்துலதான் ஈ வுழுது."

அடுத்த வாரம் மச்சம் இடது கன்னத்துக்கு வந்தது. பல்லக்குத் தூக்க இன்னொரு ஈயும் சேர்ந்திருந்தது. எஸ்தருக்கு வேலை போயிற்று. திருப்பதிக்குப் போய்க் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் நிஜம்போல ஓர் ஈ உட்கார்ந்திருக்கும். கடைக்காரர்கள் முதல்நாள் துண்டால் அடித்துப் பார்ப்பார்கள்.

அருங்காட்சியகத்தில் எஸ்தரின் படம் ஒன்றுகூட இல்லை. பத்திரிகை நின்றுவிட்டது, ஆலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம், பலகைகள் போய் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. ஆனால் சித்தூரில் பழைய ஆள் யாரையாவது நிறுத்தி அந்த முதலாளியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெயர் நினைவுக்கு வராது. கை தானாக இடது கன்னத்துக்குப் போகும்.