சம்பந்திக்கு முதல் கிண்ணம்

இருசாயி பானையில் காதை ஒட்டவைத்திருக்கும்போது மலைமேல் அரியூர் நாட்டில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. கொடுத்தால் கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டுவாள். "சும்மா இருங்க. உள்ள பேசுது." உள்ளே தேனும் சுனைத்தண்ணீரும் நுரைத்து முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அது அடங்கிய அன்றுதான் வாய்த்துணியை அவிழ்ப்பாள். மேலே தெளிந்து நிற்கும் மது இளநீர் நிறத்தில் இருக்கும். மலையில் அதற்கு 'வெள்ளை' என்றே பெயர்.

பனிக்காலத்தில் எடுத்த வெளிறிய தேனைத் தவிர வேறு எதையும் அவள் தொட மாட்டாள். அதுவும் அரியூர்ச் சரிவுத் தேனாக இருக்க வேண்டும். "குண்டனித் தேனு கசக்குமுங்க" என்பாள், குண்டனி நாட்டுக்காரர் எதிரிலேயே. பழைய பானையின் மண்டியைப் புதுத் தேனில் ஊற்றும்போது "எந்திரி கண்ணு" என்று குழந்தையை எழுப்புவது போல எழுப்புவாள். தான் குடிப்பதில்லை. புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவாள். இனிப்பு முன்னால் வந்து, பின்னாலேயே சுருக்கென்று கடித்தால் சரி. புருசன் போன பிறகு மகள் பொன்னாயியை வளர்த்து ஆளாக்கியவை இந்தப் பானைகள்தான். மலையில் கல்யாணம் என்றால், பெண்ணைப் பெற்றவர்கள் சம்பந்தி கையில் முதல் கிண்ணம் வெள்ளை கொடுத்த பிறகுதான் தாலி.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்ததும் அடிவாரத்திலிருந்து ஏட்டு வெங்கிடுசாமி மலையேறி வந்தார். பானைகளைக் கவிழ்க்கச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கவிழ்த்தாள் இருசாயி. "இனிமே செய்யறதில்லீங்க" என்றாள். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அடுத்த தையில் பொன்னாயிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பன் குண்டனி நாட்டுச் சின்னுசாமி. முறையில் ஒரு குறை என்றாலும் பந்தலை விட்டு எழுந்து போகிற ஆள். சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்திலேயே போனவர்.

"காட்டுக்குள்ள ஒரு பானை வெச்சுக்க. ஆரு பாக்கறா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பாயி.

"நான் ஜெயிலுக்குப் போயிட்டா இந்தப் புள்ளைக்கு ஆரிருக்கறா?"

முகூர்த்தத்தன்று இருசாயி சுனைத்தண்ணீரில் தேனைக் கரைத்தாள். அவ்வளவுதான். கிண்ணம் தளும்ப மொண்டு சம்பந்தியிடம் நீட்டினாள்.

முதல் வாயிலேயே சின்னுசாமிக்குத் தெரிந்துவிட்டது. கிண்ணத்தை வாயிலிருந்து எடுத்தார். அவர் இருசாயியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த பொன்னாயிதான் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்தார்.

"என்னங்க சம்பந்தி, இப்பிடி ஏத்தி உட்டுட்டீங்க! தலை சுத்துதுங்க!" என்று பந்தல்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கிண்ணம் அவர் பங்காளிகளுக்குப் போனது. குடித்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். தாலி ஏறியது.

யாரோ துப்புச் சொல்லி வந்திருந்த ஏட்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பானையைப் பிடித்தார். ஒரு கிண்ணம் மொண்டு குடித்தார். இன்னொன்று குடித்தார்.

"வெறுந் தேன்தண்ணி! அப்பறம் இவங்க ஏம்மா இந்த ஆட்டம் ஆடறாங்க?"

"கல்யாணமுங்களே சாமி" என்றாள் இருசாயி.

ஏட்டு மூன்றாவது கிண்ணத்தையும் குடித்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார்.

வெயில் தாழ்ந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். சின்னுசாமியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கால் பின்ன, பாட்டு வேறு முனகிக்கொண்டு, சரிவில் இறங்கிப் போனார். பாதை திரும்பும் இடம் வந்ததும் தாங்கிய கைகளை உதறினார், தலைப்பாகையை அவிழ்த்து நன்றாகக் கட்டினார், நேராக நடந்து மேடேறினார்.

வாசலில் நின்றிருந்த இருசாயி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.