மலைக்கு ஆகாத வண்டியை நான் வாங்க வைத்தது

எங்கள் பழைய லாரியின் இன்ஜின் பிளாக் செங்கோட்டை மலைப்பாதையில் வெடித்தபோதே, அதன் ஆயுசு முடிந்தது என்று தெரிந்துவிட்டது. இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய காலம் அது. தென்காசியில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் காய்கறி மண்டிக்கு டிரைவர், மெக்கானிக் எல்லாம் நான்தான். ஆலங்குளத்துக் கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் மலை தாண்டிப் புனலூர் சந்தைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு வண்டியில் தெரிந்ததெல்லாம் ஹாரன் மட்டும். "ஏலே முத்து, மதுரைக்குப் போயி நீயே பாத்துட்டு வா. நீ சொல்லுததுதான் முடிவு" என்று அனுப்பிவைத்தார்.

மதுரைக் கம்பெனியில் ஸ்டாக்கில் ஒரு சின்ன லாரி நின்றது. இப்போது பிக்கப் என்கிறீர்களே, அது மாதிரி. பணம் கட்டினால் மறுநாளே ஓட்டிக்கொண்டு வரலாம். ஆனால் அதன் பின் ஆக்ஸில் சமதரை ஓட்டத்துக்கானது. ஏற்றத்துக்கு இழுவை கூடிய ஆக்ஸில் வேண்டுமென்றால் ஆர்டர் போட வேண்டும். கப்பலில் வந்து சேர நாலு மாதம் ஆகும்.

"மலை வண்டின்னா ஆர்டர் போட்டுருங்க" என்று சேல்ஸ்மேனே சொன்னார். விற்கிறவன் வேண்டாம் என்கிறான், வாங்க வந்த நான் அதையே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

காரணம் வண்டியில் இல்லை. அந்தத் தை மாதம்தான் என் மனைவி கோமதி விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். பிள்ளை கிடையாது. துட்டி, அதாவது சாவுத் தீட்டு, கழியாதவன் அடுத்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று நானும் எங்கும் போகவில்லை. துக்கக்காரனைத் தொந்தரவு செய்வானேன் என்று யாரும் வரவும் இல்லை. லாரி ஓடினால் பேச்சுத் துணைக்குப் பதில் இன்ஜின் இரைச்சலாவது இருக்கும். நாலு மாதம் அந்த வீட்டில் எனக்கு மட்டும் உலை வைத்து, நான் மட்டும் உட்கார்ந்து தின்பதை நினைத்தால் பயமாக இருந்தது.

"ஸ்டாக் வண்டியே போதும் அண்ணாச்சி" என்று வந்து சொன்னேன். அவர் மறுகேள்வி கேட்கவில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம், முழு லோடோடு ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி திணறி நின்றது. ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு, முதல் கியரில் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் கொதிப்பு. புனலூர் போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்திருந்தது. காய் நனைந்து அழுகத் தொடங்கியிருந்தது. அதே மாதம் இன்னும் இரண்டு தடவை இப்படியே ஆனதும், புனலூர் வியாபாரி வேறு மண்டியைப் பார்த்துக்கொண்டார்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"நீ மலையில ஓட்டுத ஆளு. ஒனக்குத் தெரியாமலாலே இருந்துச்சு?"

"தெரியும் அண்ணாச்சி."

"பொறவு ஏன்லே?"

"வீட்டுல ஒத்தையில கெடக்க முடியல. வண்டி ஒடனே ஓடணும்னு இருந்துச்சு."

நாலு வார்த்தை ஏசினால் தேவலை என்று நின்றேன். அவர் ஏசவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, ஆர்டரப் போட்டுட்டு நாலு மாசமும் எங்க வீட்டுலயே கெடலேன்னு சொல்லியிருப்பேனே. துட்டியாவது ஒண்ணாவது!"

வண்டி பார்க்கப் போகும் தம்பிகளே, ஆக்ஸிலையும் டயரையும் பாருங்கள். அதற்கு முன்னால், நமக்கு எதற்கு இந்த அவசரம் என்று பாருங்கள். பார்த்ததை முதலாளியிடம் சொல்லியும் விடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

அந்த வண்டியை அண்ணாச்சி திருநெல்வேலி ஓட்டத்துக்கு மாற்றினார். மலைக்கு வேறு வண்டி ஆர்டர் போட மறுபடியும் என்னைத்தான் மதுரைக்குப் போகச் சொன்னார். இந்தத் தடவை அவரும் கூடவே வந்தார். என்மேல் நம்பிக்கை இல்லாமல் வந்தாரா, துணைக்கு வந்தாரா என்று நான் கேட்கவே இல்லை.