நிதானம் அவசரப்பட்ட நாள்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் அவருக்கு நிதானம் என்றுதான் பெயர். மற்றவர்கள் ஒரு புரோகிராமை ஏற்றும்போது 'அடுத்து, அடுத்து' என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு திரையையும் வாய்விட்டுப் படிப்பார். அடியில் பொடி எழுத்தில், இன்னொரு புரோகிராமையும் சேர்த்து ஏற்றுவதாக ஒரு கட்டம் இருக்கும். டிக்கையும் அவர்களே போட்டு வைத்திருப்பார்கள். இலவசமாகக் கொடுப்பவன் என்ன தர்மப் பிரபுவா? அந்த டிக்கை எடுக்காமல் விட்டால், வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். முதலாளி பல்லைக் கடிப்பார். இவர் அசைய மாட்டார்.

அவருடைய அக்காவின் ஒரே மகள் இருபது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். விடுதியிலிருந்து அம்மாவுக்கு அவள் அனுப்பிய குரல் பதிவுகள் முப்பத்தொன்று. அக்காவின் போன் பழுதானபோது அவற்றை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தவர் இவர்தான். இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

ஒரு நாள் காலையில் பதிவுகள் ஓடவில்லை என்று அக்கா போனில் அழுதாள். இவர் ஓடிப்போய், பதிவுகளை ஓட்டும் வேறொரு பிளேயர் புரோகிராமை ஏற்ற ஆரம்பித்தார். அக்கா நாற்காலியைப் பிடித்தபடி முதுகுக்குப் பின்னாலேயே நின்று, வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரார் வேலையையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்துச் செய்த மனிதர், சொந்த அக்காவின் அழுகை தாங்காமல் 'அடுத்து, அடுத்து' என்று தட்டிவிட்டார். மகளின் குரல் வந்தது. அக்கா சிரித்துவிட்டாள்.

பிளேயரோடு குப்பை அகற்றும் புரோகிராம் ஒன்றும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. பழைய கோப்புகள் இடத்தை அடைக்கின்றன, அடியோடு அழிக்கவா என்று அது தினமும் கேட்டது. பத்தாம் நாள் அக்கா சரி என்று அழுத்தினாள்.

மூன்று நாள் லீவு போட்டு, தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார். கோப்புகளின் பெயர்கள் திரும்பி வந்தன. குரல் வரவில்லை.

"நீ போட்டுக் கொடுத்ததுதானே, கெடுதல் பண்ணாதுன்னு நெனச்சேன்டா," என்றாள் அக்கா. அவள் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

பிறகு அவளே கேட்டாள். "மாமான்னு உன்ன இழுத்துக் கூப்பிடுவாளே, அது எப்படிடா இருக்கும்? எனக்கு மறந்துடும்போல இருக்கு. ஒரு தடவ சொல்லிக் காட்டு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா," என்றார். குரலை மெலிதாக்கி இன்னொரு தடவை சொன்னார். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

"இல்லடா," என்றாள். "இப்படி இல்ல."